மறுத்தவர்கள் பட்டியலில் ஏழு பேர்

தோரிகாவுக்குக் கோபம் வந்தால் எங்கள் தீவில் நாய்கூடக் குரைக்க யோசிக்கும். நான் அவளுக்கு அத்தை மகன். அவள் என்னைத் திட்டலாம், கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம். நான் அவளைக் கேலி செய்யலாம். எங்கள் பிஜியில் மச்சான் முறை என்றால் அப்படித்தான், யாரும் குறுக்கே வர மாட்டார்கள். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. என் பெயர் செமி. சுகாதார நிலையத்துப் படகை ஓட்டுகிறேன்.

அவளுக்கு இருபது வயதில் வேறு தீவில் கல்யாணம். புருஷன் கடல் அட்டை எடுக்க மூழ்குகிறவன். காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு போகக் கூடாத ஆழத்துக்குப் போனான். மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. வாங்குகிற வியாபாரி அன்றைய மூட்டையை எடை போட்டு எடுத்துக்கொண்டு போனானே தவிர, சாவு வீட்டுக்கு முறைப்படி வைக்கிற பாய் ஒன்றுகூட அனுப்பவில்லை. கைக்குழந்தையோடு அப்பன் ஊருக்குத் திரும்பிய தோரிகா அழுததை நான் பார்த்ததில்லை. அந்த வியாபாரியின் படகு எங்கள் துறைக்கு வந்த ஒரு நாள் மரவள்ளிக் கிழங்கு தோண்டும் கம்பியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகு பிறகு எங்கள் துறைக்கு வரவில்லை.

ஊர் நர்ஸாக இருந்த மருமகள் ஒருத்தி பிள்ளை படிப்புக்காகத் தலைநகர் சுவாவுக்குப் போனதும் அந்த வேலைக்கு ஆள் தேடினார்கள். நர்ஸ் என்றால் வெள்ளைச் சட்டை நர்ஸ் இல்லை. ஆறு வாரப் பயிற்சி, ஒரு பச்சைப் பெட்டி, அதில் பஞ்சு, துணிக்கட்டு, சர்க்கரை பார்க்கும் கருவி. ஊர்க்கூட்டம் தோரிகாவைத் தேர்ந்தெடுத்தது. காரணம், பன்றி குத்திய ஒருவனின் தொடையை அவள் மீன்பிடி நரம்பால் தைத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். நாங்கள் செய்த தப்பு அன்றே தொடங்கியது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

தப்பு என்னவென்றால் தோரிகா இந்த ஊர் மகள், மருமகள் இல்லை. எங்களிடம் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள்தான். பெண் வயதுக்கு வந்துவிட்டால் அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசக் கூடாது. தங்கை உள்ளே வந்தால் அண்ணன் எழுந்து வெளியே போவான். சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். இதில் பகை கிடையாது. எங்களிடம் இதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை. ஊரில் தோரிகாவுக்கு இப்படி ஏழு அண்ணன் தம்பிகள். மூத்தவன் நெத்தானி, அவள் பெரியப்பா மகன். அவளுக்கு இரண்டு வீடு தள்ளி அவன் வீடு. அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆனதிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தென்னை ஏறினால் முதல் குலை அவள் வாசலுக்குத்தான் போகும், அதையும் அவன் தன் கையால் கொடுக்க மாட்டான்.

நெத்தானிக்குச் சர்க்கரை இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு டின் மீன் வாங்குகிறோம். டீயில் சர்க்கரை கரையாமல் அடியில் நின்றால்தான் உபசரிப்பு என்கிறோம். ஆனால் தோரிகா வேலைக்கு வந்த பிறகு ஒன்பது வருடம் ஊரில் ஒருவரும் காலை இழக்கவில்லை. சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அந்த ஏழு பேருக்கு மட்டும் அவர்கள் பெண்டாட்டிகளைப் பழக்கிவைத்திருந்தாள். நெத்தானியின் மனைவி அலேசி கருவியை வாங்கிக்கொண்டு போய் அவன் விரலில் குத்தி, "பதினொண்ணு காட்டுது" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள். எங்கள் கருவியில் ஏழைத் தாண்டினாலே அதிகம். தோரிகா மாத்திரையை வேலிக்கு மேலே நீட்டுவாள். வேலை நடந்தது.

அப்புறம்தான் நல்லது செய்ய வந்தார்கள்.

சுவாவில் ஒரு கல்லூரி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள். தலைநகரத்து ஆட்களுக்கும் தீவு ஆட்களுக்கும் ஆரோக்கியத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம், அதைக் குறைக்கிறோம் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆறு பேர் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் கொந்தளித்த நாளில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். முறைப்படி, நாங்கள் கரைத்துக் குடிக்கும் கவா வேர்க்கட்டை ஊர்ப் பெரியவர் முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அசேனாதா, எங்கள் இனத்துப் பெண்தான், பிறந்து வளர்ந்தது சுவா. தோரிகாவை அத்தை என்று கூப்பிடுவாள், தோரிகாவுக்கும் அவள்மேல் உயிர்.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. இனிக் கருவி மாணவர்கள் கையில்தான் இருக்கும். மாணவர் ஒருவர், ஊர் நர்ஸ் ஒருவர், இரண்டு பேரும் நேரில் இருந்தால்தான் விரலில் குத்தலாம். பயிற்சி இல்லாத மனைவிமார் தொடக் கூடாது. ஊர்க்காரர்களின் பாதுகாப்புக்காம். படிவத்தில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம்: பார்த்தோம், வீட்டில் இல்லை, மறுத்தார். முதல் கட்டத்தில் சர்க்கரை எண் விழுந்தவர்களுக்குத்தான் மாத்திரை.

முதல் தடவை நெத்தானி வீட்டுக்கு அசேனாதாவோடு தோரிகா போனாள். தங்கை வாசற்படி மிதித்ததும் நெத்தானி பின்வாசல் வழியாக வெளியே போனான். அசேனாதா எதையோ குறித்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்தும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர்கள் போகவேயில்லை. தோரிகா ஏன் என்று கேட்கவில்லை. கவா வைத்துவிட்டு வந்த விருந்தாளியிடம் குறை சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. இந்தப் பிள்ளையும் நம் இனம்தானே, இதுகூடத் தெரியாமலா இருக்கும், வேறு ஏதோ ஏற்பாடு செய்வார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் படகில் காத்திருந்த நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தேன். "மச்சான் ஓட்டப் பந்தயத்துக்குப் பழகுறான்" என்று கேலிகூடச் செய்தேன். அந்த வாயை இன்று நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

ஒன்றரை வருடம் போனது. ஒரு சனிக்கிழமைக் காலை மாணவர்களை இறக்கிவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அலேசி வேகமாக வந்தாள்.

"தோரிகா, ஒங்க அண்ணன் நாலு நாளா கால்ல பிளாஸ்டிக் பைய கட்டிக்கிட்டுத் திரியுறாரு. பக்கத்துல போனா கத்துறாரு. வீடே நாறுது."

"அடிபட்டுச்சா?"

"தோட்டத்துல ஆணி ஏறிருக்கு. எப்பன்னு அவருக்கே தெரியல. வலிக்கவே இல்லங்குறாரு."

தோரிகாவின் முகம் மாறியது. சர்க்கரைக்காரனுக்கு வலிக்கவில்லை என்றால் கால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம், அது அவளுக்குத் தெரியும். அசேனாதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, மொதல்ல எங்க அண்ணன் வீட்டுக்கு."

அசேனாதா தாளைப் புரட்டினாள். "அவர் பேரு மூடியாச்சே அத்தை."

"மூடியாச்சுன்னா?"

"மூணு தடவ மறுத்துட்டாரு. மூணு தடவ மறுத்தா அவங்க விருப்பத்த மதிச்சுப் பேர எடுத்துடணும். இதோ பாருங்க, ஏழு பேரு."

தோரிகா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு பெயர். ஏழும் அவள் அண்ணன் தம்பிகள். எதிரே மறுத்தார், மறுத்தார், மறுத்தார்.

"யாரு மறுத்தா?" அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது. நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன்.

"நாம உள்ள போனதும் எந்திரிச்சுப் போயிட்டாரே அத்தை. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?"

"அது மரியாதைடி!" என்று கத்தினாள் தோரிகா. துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தங்கச்சி வந்தா அண்ணன் எந்திரிச்சுப் போவான். அதப் போயி மறுத்தாருன்னு எழுதி வெச்சிருக்க! ஒங்கம்மா ஒனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலயா?"

அசேனாதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க வீட்ல இதெல்லாம் பாக்குறதில்ல அத்தை. நானும் எங்கண்ணனும் டிவி ரிமோட்டுக்கு அடிச்சுக்குவோம். நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

அந்த ஒரு வார்த்தையை நாங்கள் யாருமே சொல்லவில்லை. ஊசி போன இடத்தையெல்லாம் எண்ணி எண்ணி எழுதினார்கள், உலக்கை போன இடத்தை அவர்களும் பார்க்கவில்லை, நாங்களும் காட்டவில்லை.

மூடிய பெயரைத் திறக்க சுவாவில் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம். குன்றின்மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். அசேனாதா ஓடி ஏறினாள். திரும்பிவந்து, "திங்கக்கெழம புதுப் படிவம் அனுப்புறேங்குறாரு" என்றாள். மூச்சு வாங்கியது.

"திங்கக்கெழம," என்றாள் தோரிகா. பச்சைப் பெட்டியை எடுத்தாள்.

"நில்லு, நீ போகக் கூடாது. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்றேன்.

"நீ பாத்து என்னத்தக் கிழிப்ப? அது என்ன எஞ்சின் பிளக்கா? போன வாரம் ராத்திரி பூரா அவரோட ஒக்காந்து கவா குடிச்சியே, அப்ப பாத்தியா?"

பார்த்தேன். கட்டுப் போட்டிருந்தான். "என்ன மச்சான், காலுக்குக் கல்யாணமா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். நானும் அடுத்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

தோரிகா நெத்தானி வீட்டு முன்வாசலுக்குப் போகவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போனாள். நானும் அலேசியும் அசேனாதாவும் பின்னால் ஓடினோம். முன்பக்கம் சத்தம் கேட்டதாக நினைத்து நெத்தானி வழக்கம்போலப் பின்பக்கம் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கியவனுக்கு எதிரே மூன்றடி தூரத்தில் தங்கை நின்றாள். அவனால் திரும்பி ஏறவும் முடியவில்லை, ஓடவும் கால் இடம் கொடுக்கவில்லை.

அவன் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் கொடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். அப்படியே படியில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே காலை மட்டும் நீட்டினான்.

தோரிகா மண்டியிட்டுப் பையை அவிழ்த்தாள். அசேனாதா ஒரு பக்கம் திரும்பி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இரண்டு விரல் கரிக்கட்டை மாதிரி இருந்தது. பாதத்தின் நடுவில் ஓட்டை. சுற்றிலும் கணுக்கால் வரை நிறம் மாறியிருந்தது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "செமி, அவகிட்ட சொல்லு, எனக்கு வலிக்கவே இல்லன்னு."

"வலிக்காததுதான் கேடுன்னு சொல்லு அவர்கிட்ட," என்றாள் தோரிகா.

இரண்டு பேருக்கும் நடுவே மூன்றடி. ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான் நடுவில் நின்று இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்து வார்த்தையை இந்தப் பக்கமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான், யாரும் சிரிக்கவில்லை.

"செமி, அவகிட்ட ஒண்ணு கேளு." போர்வை ஆடியது. "திடீர்னு ஏன் மாத்திரய நிறுத்திட்டா? எம்மேல என்ன கோவம்? நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா மன்னிப்புக் கேட்டுருப்பேன்ல?"

ஒன்றரை வருடமாக அந்த மனுஷன் தங்கை தன்மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டால் மரியாதைக் குறைவு என்று அலேசியைக்கூடக் கேட்க விடாமல் இருந்திருக்கிறான். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அப்படி. நான் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டாள். புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த கை மட்டும் ஒரு நொடி நின்றது.

அன்றே படகில் ஏற்றினோம். எஞ்சின் தாங்கும் வேகத்துக்கு மேலேயே ஓட்டினேன். சுவா ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அவரைக் கடலில் தள்ளலாம் போலிருந்தது, உண்மையைத்தான் சொன்னார் என்றாலும்.

நெத்தானி ஊன்றுகோலோடு வீடு திரும்பிய அடுத்த வாரமே கல்லூரியிலிருந்து பொறுப்பாளர் வந்தார். ஊர்க் கூடத்தில் பாய் விரித்து, கவா கரைத்து, வருட அறிக்கை வாசித்தார். தொண்ணூறு சதவீதம் பேரைப் பரிசோதித்தாகிவிட்டதாம். எங்கள் ஊரும் சுகாதார நிலையமும் முன்மாதிரியாம். தோரிகாவுக்கு ஒரு சான்றிதழ்கூட வைத்திருந்தார். கடைசி வரியாக, "ஏழு பேர் மறுத்தார்கள், அவர்கள் முடிவை மதிக்கிறோம்," என்றார்.

விருந்தாளி பேசும்போது எங்கள் ஊரில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். தோரிகா எழுந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள், பொறுப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசேனாதா அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். பேனாவால் அந்த வரியை அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அடித்தாள்.

பொறுப்பாளர் திகைத்துப்போனார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "உங்கள் பண்பாட்டுக் காரணங்களை அடுத்த வருடத் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்," என்றார்.

"அடுத்த வருஷமா?" என்றாள் தோரிகா. "இன்னும் ஆறு பேரு இருக்காங்கய்யா. பன்னெண்டு காலு. அடுத்த வருஷம் எத்தன இருக்கும்னு நீங்க எழுதித் தருவீங்களா? ஒங்க சட்டம் வர்றதுக்கு முன்னாடி வேலிக்கு மேல மாத்திர குடுத்து நான் ஒம்பது வருஷம் காப்பாத்துனேன். நீங்க வந்து வேலியத் திருத்துனீங்க. நானும் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன் பாருங்க, என்னையும் சேத்து ஒதைக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்க என்ன பல்ல காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க? போயி ஒரு கயிறும் போர்வையும் கொண்டா."

கூடத்தின் குறுக்கே கயிற்றைக் கட்டினேன். போர்வை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. இந்தப் பக்கம் தோரிகாவும் அசேனாதாவும். அந்தப் பக்கம் அண்ணன் தம்பிகள். மாணவர் ஒருவர், ஊர் நர்ஸ் ஒருவர், இரண்டு பேரும் நேரில். சட்டமும் சரி, முறையும் சரி. ஒரு கயிறு, ஒரு போர்வை. இது எங்களுக்கு அவ்வளவு நாள் தோன்றவில்லை. ஒரு மனிதனுடைய கால் போனபிறகு தோன்றியது.

பாதங்கள் ஒவ்வொரு ஜோடியாகப் போர்வைக்கு அடியில் வந்தன. கையையும் அடியில் நீட்டவைத்து விரலில் குத்தினார்கள், கால் நகத்தைப் பார்த்தார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு நைலான் இழையால் விரல் விரலாகத் தொட்டுக் கேட்டார்கள். அந்தப் பக்கம் இருப்பவன் தெரிகிறது என்றால் நான் இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். இருவருக்கு எண் இருபதைத் தாண்டியது. ஒருவனுக்குக் குதிகாலில் வெடிப்பு. ஆறு பேரும் முடிந்தார்கள்.

ஏழாவதாக ஊன்றுகோல் சத்தம் கேட்டது. போர்வைக்கு அடியில் ஒரே ஒரு பாதம் வந்தது.

தோரிகா அதை இரண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "செமி, அவர் மேல எனக்கு எப்பவும் கோவம் இருந்ததில்லன்னு சொல்லு," என்றாள். சொன்னேன்.

கட்டைவிரலில் இழையை வைத்தாள். "தெரியுது," என்றான் நெத்தானி. அடுத்த விரல். "தெரியுது." அடுத்தது. "தெரியுது." நான்காவது விரலுக்குச் சற்று நேரமாயிற்று. "தெரியுது."

தோரிகா இழையைக் காற்றில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"தெரியுது, தெரியுது. நல்லாவே தெரியுதுன்னு அவகிட்ட சொல்லு," என்றான் நெத்தானி.

"நான் இன்னும் தொடவே இல்லன்னு சொல்லு அவர்கிட்ட," என்றாள் தோரிகா. இந்த முறை நான் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. போர்வையைப் பார்த்து, ஊரே கேட்க, நேராக அவனிடமே சொன்னாள்: "மரியாதைக்குப் பொய் சொல்லாத அண்ணே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."